சாலிஃப் கெய்ட்டா எந்த மரபிலிருந்து பாடினார்?

நீங்கள் கேட்டது இது: "மாலி நாட்டுப் பாடகர் சாலிஃப் கெய்ட்டா கிரியோ பரம்பரையில் வந்தவர், பாரிஸுக்குப் போய்த் தம் மரபிசையை ஐரோப்பிய இசையோடு கலந்து பெயர் பெற்றவர் என்று படித்தேன். அந்தக் கலப்பால் மரபு வளர்ந்ததா, நீர்த்துப்போனதா? எந்த இசைத்தட்டில் தொடங்கிக் கேட்பது?" கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அதற்குள் இரண்டு செய்திகள் முடிந்த முடிவுகளாக அமர்ந்திருக்கின்றன. அவர் கிரியோ, அதாவது பரம்பரைப் பாணர், என்பது ஒன்று. கலப்பு பாரிஸில் தொடங்கியது என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல. இவற்றைத் திருத்திக்கொண்டு பார்த்தால், நீங்கள் உண்மையில் கேட்க நினைத்தது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது: பாடுவது தன் தொழிலாகாத குலத்தில் பிறந்த ஒருவர் பாட வந்தபோது, எந்த மரபை அவர் தம்முடையது என்று எடுத்துக்கொண்டார், அதை என்ன செய்தார்?

நான் பாரிஸில் மேடை ஒலியமைப்பாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து வருகிறேன். என் வேலையில் பெரும்பகுதி மேற்கு ஆப்பிரிக்கக் குழுக்களோடு கழிந்தது. அதனால் ஒலியைப் பற்றி இங்கே எழுதுவதற்கெல்லாம் நானே பொறுப்பு. பாடல்களின் சொற்பொருள் அப்படியல்ல. சாலிஃப் பாடும் மனிங்கா மொழியில் வணக்கம் சொல்வதற்கு மேல் எனக்கு வராது. வரிகளைப் பற்றி நான் சொல்பவை பிரெஞ்சு மொழிபெயர்ப்புகளையும், மாலி நண்பர்களை உட்கார வைத்து வரி வரியாகக் கேட்டு எழுதிக்கொண்ட குறிப்புகளையும் நம்பியவை.

முதலில் கிரியோ என்ற சொல். அது இந்தப் பரம்பரைப் பாணர்களுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் பரப்பிய பொதுப்பெயர். மாலி, கினியாப் பகுதிகளில் வாழும் மாண்டே மக்கள் தங்கள் மொழியில் அவர்களை ஜெலி என்பார்கள். ஜெலி என்பது ஒருவர் விரும்பிக் கற்றுக்கொள்ளும் தொழிலல்ல, பிறப்பு. கூயாத்தே, ஜபாத்தே, சிசோக்கோ போன்ற குடும்பப் பெயர்களே ஒருவரை ஜெலி என்று காட்டிக்கொடுத்துவிடும். வம்சாவளியை நினைவில் வைத்துச் சொல்வது, புகழ் பாடுவது, இரு குடும்பங்களுக்கு இடையே பகை வந்தால் நடுவில் நின்று பேசுவது எல்லாம் அவர்கள் வேலை. கொல்லர், தோல் வினைஞர் ஆகியோரோடு சேர்த்து இவர்களை நியாமகலா என்ற பிரிவில் வைப்பார்கள். இவர்களுக்கு எதிர்ப்புறத்தில் இருப்பவர்கள் ஹொரோன், அதாவது உழவரும் போர்வீரரும் அரசருமான உயர்குடியினர். ஹொரோன் பாட மாட்டார், பாடப்படுவார். பாடியவருக்குக் கொடுப்பது அவர் கடமை. இதை நம் ஊர்ச் சாதி அடுக்கின்மேல் அப்படியே வைத்துப் பார்த்துவிட வேண்டாம். ஜெலியைத் தாழ்ந்தவர் என்று நினைக்கும் அதே ஹொரோன், ஜெலியின் நாவுக்கு அஞ்சவும் செய்வார்.

இது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. பாரிஸை ஒட்டிய மோந்த்ரெய் நகரில் ஒரு மாலிக் குடும்பத் திருமணத்துக்கு ஒலியமைத்தபோதுதான் புரிந்தது. ஜெலிப் பெண் ஒருவர் ஒலிவாங்கியோடு கூட்டத்துக்குள் இறங்கி, ஒரு பெரியவர் முன்னால் நின்று அவருடைய குடும்பப் பெயரை நீட்டி இழுத்துப் பாடினார். பெரியவர் எழுந்து இருபது யூரோ தாளை நீட்டினார். அந்தப் பெண் நகரவில்லை, பெரியவரின் பாட்டனார் பெயருக்குப் போனார். இன்னொரு தாள் வந்தது. நிகழ்ச்சிக்கு முன் ஒலி சரிபார்க்கும்போது, என்னோடு கம்பி இழுத்துக்கொண்டிருந்த இளைஞரிடம், "ஒலிவாங்கியில் ரெண்டு வரி பாடு தம்பி, அளவு பார்க்கணும்" என்றேன். அவர் பாடவில்லை, ஒன்று இரண்டு என்று எண்ணினார். அவருடைய குடும்பப் பெயர் கெய்ட்டா. "அண்ணே, பாடுவது என் வேலை இல்லை, என்னைப் பாடுவது அவர்கள் வேலை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பிரான்ஸில் பிறந்து வளர்ந்த பிள்ளை.

கெய்ட்டா என்பது மாலிப் பேரரசை 13-ஆம் நூற்றாண்டில் நிறுவிய சுஞ்சாத்தா கெய்ட்டாவின் குலப்பெயர். சாலிஃப் அந்தக் குலத்தவர் என்பதில் ஐயமில்லை. சுஞ்சாத்தாவின் நேர் வாரிசு என்று இசைத்தட்டு உறைகளில் அச்சிடுவது வேறு வகைச் செய்தி. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுத் தொடர்ச்சியை ஜெலிகளின் வாய்மொழிதான் தாங்கி நிற்கிறது, அதை ஏட்டில் சரிபார்க்க வழியில்லை. அது பொய் என்றும் நான் சொல்லவில்லை. ஜோலிபா ஊரில் அவர் பிறந்தபோது அந்தக் குலப்பெருமை வீட்டுக்குள் நடைமுறையில் இருந்தது என்பதுதான் நமக்கு முக்கியம், ஏனென்றால் மகன் பாடகனாகப் போகிறேன் என்றபோது அதுதான் குறுக்கே நின்றது.

அவர் பிறந்தது 1949-இல். ஜோலிபா, மாலியின் தலைநகர் பமாகோவுக்குத் தென்மேற்கே நைஜர் ஆற்றங்கரையில் இருக்கிறது. மனிங்கா மொழியில் ஆற்றின் பெயரும் ஜோலிபாதான். கறுப்பினப் பெற்றோருக்கு நிறமியற்ற வெண்தோலோடு பிறந்தார். அத்தகைய குழந்தை கெட்ட சகுனம் என்றும், அதன் உடலுக்கு மாந்திரீக ஆற்றல் உண்டு என்றும் நம்பும் வழக்கம் அந்தப் பகுதியில் இன்றும் முற்றாக மறையவில்லை. தந்தை அவரை வீட்டைவிட்டே துரத்தினார், பல ஆண்டுகள் பேசவில்லை என்றெல்லாம் பலவிதமாக எழுதுகிறார்கள். ஒரு கட்டுரையில் இருப்பது இன்னொன்றில் இருப்பதில்லை, எனவே அந்த விவரங்களை நான் நம்பிச் சொல்ல மாட்டேன். பள்ளியில் நன்றாகப் படித்து ஆசிரியராக விரும்பினார் என்பதும், கண்பார்வைக் குறைவு அந்த வழியை அடைத்தது என்பதும் உறுதி. தந்தையின் வயலில் விளைச்சலை அழிக்கவரும் குரங்குகளை விரட்டக் கத்திக் கத்தித்தான் குரல் வந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் குரலைத் திறந்த வெளியில் கேட்டவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது. 1960-களின் இறுதியில் அவர் பமாகோவுக்கு வந்து, மதுக்கடைகளிலும் சந்தையிலும் கித்தாரை வைத்துக்கொண்டு பாடிப் பிழைத்தார். ஒரு கெய்ட்டா காசுக்குப் பாடினார் என்ற அந்த இடத்தில்தான் மரபு முதலில் உடைந்தது. அப்போது பாரிஸும் இல்லை, மின்னணு இசைக்கருவியும் இல்லை.

இரண்டாவது திருத்தத்துக்கு வருகிறேன். 1970-இல் பமாகோ ரயில் நிலைய உணவு விடுதியில் வாசிப்பதற்கென்று அரசு ரயில்வே ஆதரவில் ரெயில் பேண்ட் என்ற குழு உருவானது. சாக்சஃபோன் கலைஞர் திதியானி கோனே அதன் தலைவர், சாலிஃப் பாடகர். செனகல் நாட்டு டாக்கரிலிருந்து வரும் ரயில் முடியும் பக்கம் அது, பயணிகளும் அதிகாரிகளும் ஆட வருவார்கள். அவர்கள் எதற்கு ஆடினார்கள்? பெரும்பாலும் கியூபா இசைக்கு. 1930-களிலிருந்தே கியூபா இசைத்தட்டுகள் மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் விற்றன. 1960-இல் விடுதலை பெற்ற மாலி, இளைஞர் சிலரை இசை படிக்கக் கியூபாவுக்கே அனுப்பியது. அட்லாண்டிக்குக்கு அப்பால் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் தாளம் திரும்பி வந்தபோது ஆப்பிரிக்கர்களுக்கு அது அந்நியமாகப் படவில்லை. எனவே ரெயில் பேண்டில் கொங்கா மத்தளமும் ஊதுகுழல்களும் மின் கித்தாரும் இருந்தன. கித்தாரில் வாசிக்கப்பட்டது மட்டும் பெரும்பாலும் பழைய மாண்டே இசை.

இதைச் சற்று விளக்க வேண்டும், உங்கள் கேள்விக்குப் பாதி விடை இதில்தான் இருக்கிறது. இருபத்தொரு நரம்புள்ள கோரா வாசிப்பவர் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறார். குறுகிய ஒரு சுற்றை விடாமல் திரும்பத் திரும்ப வாசிப்பது ஒன்று, அதற்குக் கும்பெங்கோ என்று பெயர். அதன்மேல் திடீரென்று மேலிருந்து கீழே சரிந்து ஓடும் வேகமான கோர்வை மற்றொன்று, அது பிரிமிந்திங்கோ. பலஃபோன் என்ற மரக்கட்டை இசைக்கருவியிலும் இதே பிரிவுதான். மாண்டே கித்தார்க் கலைஞர்கள் மேற்கத்தியச் சுரக்கூட்டுகளைத் தட்டுவதற்குப் பதிலாக இந்த இரண்டையும் அப்படியே ஆறு கம்பிக்கு மாற்றிக்கொண்டார்கள். கியூபா இசையும் குறுகிய சுற்றைத் திரும்பத் திரும்ப வாசித்து அதன்மேல் குரலை ஏற்றும் இசையாகவே இருந்ததால், இரண்டும் ஒட்டவைத்த தையல் தெரியாமல் பொருந்தின. மேடையில் இத்தகைய குழுவுக்கு ஒலி கலக்கும்போது நான் முதலில் தேடுவது சுற்று வாசிக்கும் கித்தாரைத்தான். அது தெளிவாகக் கேட்காவிட்டால் பாடகர் தடுமாறுவார், அதை மட்டும் உயர்த்தினால் மற்றதெல்லாம் தானாக நின்றுவிடும்.

1973-இல் அவர் ரெயில் பேண்டை விட்டு, இன்னொரு விடுதியில் வாசித்த போட்டிக் குழுவான லே அம்பாசதரில் சேர்ந்தார். அவர் இடத்துக்கு ரெயில் பேண்டில் முன்னுக்கு வந்த பாடகர் மோரி கான்த்தே, கினியாவின் ஜெலிக் குடும்பத்துப் பிள்ளை. பின்னாளில் ஐரோப்பாவின் நடனக் கூடங்களை ஆட்டிவைத்ததும் அதே மோரி கான்த்தேதான். ஜெலி ஆடவைத்தார், ஜெலியல்லாதவர் உருகிப் பாடினார் என்று சொன்னால் மிகையாகிவிடும், இருந்தாலும் இருவரின் குரல்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். புதிய குழுவில் சாலிஃபுக்குக் கிடைத்த பெரும் கொடை கினியாக் கித்தார்க் கலைஞர் கான்த்தே மன்ஃபிலா. விடுதிக்கு வரும் வெளிநாட்டவருக்காகப் பிரெஞ்சுப் பாட்டு, கியூபா, அமெரிக்க சோல் எல்லாம் வாசித்த அந்தக் குழுவை மாண்டே இசைப் பக்கம் இழுத்ததில் இந்த இருவரின் பங்கு பெரியது.

மாலியில் அரசியல் சூழல் கெட்டதால் 1978-இல் அவர்கள் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானுக்குப் பெயர்ந்தார்கள். அங்கே பதிவானது 'மாஞ்சு'. பதின்மூன்று நிமிட அளவில் ஓடும் அந்தப் பாடல், கினியாவின் அதிபர் அகமது சேக்கு தூரேயைப் போற்றுவது. மாஞ்சு என்பது தூரே குலத்துக்கான மதிப்புப் பெயர். முந்தைய ஆண்டுதான் தூரே அவருக்கு நாட்டின் விருதை அளித்திருந்தார். கித்தார் அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்க, குரல் மேல் நிலையில் நுழைந்து, படிப்படியாக இறங்கி, மூச்சு முடியும் இடத்தில் நிற்கும். என் தொழில் வாழ்க்கையில் நான் கேட்ட மனிதக் குரல்களில் இதற்கு மேல் ஒன்றை வைக்க என்னால் முடியவில்லை. அதே சமயம் பாடல் யாரைப் பற்றியது என்பதை மறைக்கவும் முடியாது. தூரே 1958-இல் பிரான்ஸுக்கு எதிராக நிமிர்ந்து நின்றவர், கினியாவின் தலைநகர் கோனாக்ரியின் காம்ப் புவாரோ சிறையில் எண்ணற்றோர் மடியக் காரணமானவரும் அவரே. பாடக் கூடாத குலத்தில் பிறந்தவர் ஜெலியின் வேலைகளிலேயே மிகப் பழையதைச் செய்திருக்கிறார்: கொடுத்தவரைப் பாடியிருக்கிறார். கினியாவை விட்டுத் தப்பி வந்த ஒரு நண்பர் இந்தப் பாடல் ஒலித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அவர் போவதும் நியாயம், நான் உட்கார்ந்து கேட்பதும் நியாயம் என்றே நினைக்கிறேன்.

1984-இல் அவர் பாரிஸுக்கு வந்து, மாலிக்காரர்கள் நிறைந்த மோந்த்ரெயில் குடியேறினார். நீங்கள் படித்த கட்டுரை இந்த இடத்தில்தான் கதையைத் தொடங்கியிருக்கிறது. 1987-இல் வந்தது 'சோரோ'. தயாரித்தவர் இப்ராஹிமா சில்லா, இசைக்கோர்வை ஃபிரான்சுவா பிரேயான், ஜான்-ஃபிலிப் ரிக்கியேல் இருவருடையது. ரிக்கியேல் கண்பார்வை இல்லாத கீபோர்டு கலைஞர். அதே ஆண்டு கோடையில் லண்டன் மதுக்கடை ஒன்றில் சில இசைத்தட்டு நிறுவனத்தார் கூடி, கடை அலமாரியில் இத்தகைய இசைத்தட்டுகளை எங்கே அடுக்குவது என்று பேசி, 'வேர்ல்டு மியூசிக்' என்ற பெயர்ப்பலகையை முடிவுசெய்தார்கள். அந்தப் பலகைக்கு ஏற்ற இசைத்தட்டாகச் 'சோரோ' வந்து அமைந்துவிட்டதால், கலப்பை அதுதான் கண்டுபிடித்தது என்ற எண்ணம் பரவியது.

என் கருத்தைக் கேட்டால், 'சோரோ'வில் மாறியது கலப்பு அல்ல, அடர்த்தி. ஊதுகுழல், சிந்தசைசர், பெண்குரல் கோரஸ் என்று அடுக்கடுக்காக ஏற்றி, குரலுக்கு ஒரு கோவில் மண்டபத்தைக் கட்டியது போல எழுப்பியிருக்கிறார்கள். பாட்டின் நடுவே எல்லாம் சட்டென்று விலகிக் குரல் மட்டும் தனித்து நிற்கும் தருணங்களில் அந்த ஏற்பாடு பலிக்கிறது. அந்தக் கால மின்னணு ஒலிகள் சிலவற்றுக்கு இன்று வயதாகிவிட்டது, குறிப்பாகத் தாள ஒலிகள் எனக்குக் காதில் உறுத்துகின்றன. ஆனால் இது மரபை விட்டுக்கொடுத்த இசைத்தட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறே பாடல்கள்தான், அவற்றில் பலவும் நீளமானவை. ஐரோப்பிய வானொலிக்காக மூன்று நிமிடத்துக்குள் வெட்டிச் சுருக்கவில்லை. பாடுவது மனிங்காவில். குரல் வழியில் ஒரு வளைவைக்கூட யாரும் நேராக்கவில்லை. நீர்த்துப்போவது என்றால் இவற்றில் ஒன்றாவது போயிருக்க வேண்டும்.

அடுத்த பத்தாண்டை நான் வேகமாகக் கடக்கிறேன். 1989-இல் வந்த 'கோ-யான்' தட்டில், நாங்கள் இங்கிருந்து நகர மாட்டோம் என்று குடியேறிகள் சொல்லும் பாட்டு உண்டு. 1986-இல் 101 மாலிக்காரர்களை ஒரே விமானத்தில் ஏற்றி பிரான்ஸ் திருப்பி அனுப்பியிருந்த காலம் அது. குடியேறிகள் ஊர்வலங்களில் அந்தப் பாட்டைப் பாடக் கேட்டிருக்கிறேன். 1991-இல் ஜாஸ் கலைஞர் ஜோ சாவினுல் தயாரித்த 'ஆமென்' தட்டில் ராக் கித்தார்க் கலைஞர் கார்லோஸ் சந்தானாவும் ஜாஸ் சாக்சஃபோன் கலைஞர் வெய்ன் ஷார்ட்டரும் வாசித்தார்கள், கிராமி பரிந்துரையும் கிடைத்தது. பெரிய பெயர்கள், நல்ல வாசிப்பு, இருந்தும் நான் அடிக்கடி எடுத்துக் கேட்பதில்லை. நீங்கள் அஞ்சிய நீர்ப்பு எங்காவது இருக்கிறது என்றால் இங்கேதான் கொஞ்சம் இருக்கிறது. விருந்தினர் தனித்தனியாக வந்து வாசித்துவிட்டுப் போனது போலத் தோன்றும், குரல் அவர்களுக்காகக் காத்து நிற்கும். இது என் காதின் தீர்ப்பு, பலர் இதை அவருடைய சிறந்த தட்டு என்பார்கள்.

2002-இல் வந்த 'மோஃபூ'வைப் பற்றி நின்று பேச வேண்டும். மோஃபூ என்பது தினைத் தட்டையில் செய்யும் சிறு குழல். பமாகோவுக்குத் திரும்பிய பின் அவர் திறந்த இசைக்கூடத்துக்கும் அதே பெயர்தான். பழைய தோழர் மன்ஃபிலா கித்தாரோடு திரும்பி வந்தார், மின்னணு அடுக்குகள் இறங்கின, கேப் வெர்டே தீவுகளின் பாடகி செசாரியா எவோரா ஒரு பாடலைச் சேர்ந்து பாடினார். இந்தத் தட்டிலும் இதற்குப் பிந்தியவற்றிலும் வேட்டைக்காரர் இசையின் சாயல் தூக்கலாகத் தெரிகிறது. மாண்டே வேட்டைக்காரர் சங்கத்தில் குலம் பார்ப்பதில்லை. ஹொரோனும் கொல்லரும் ஜெலியும் வேட்டைக்காரர் என்ற முறையில் சமம், அங்கே பாடுபவர் ஜெலியாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை. சாலிஃப் கெய்ட்டாவுக்குப் பிறப்பு மறுத்த உரிமையை அளிக்கும் ஒரு மரபு அவருடைய பண்பாட்டுக்குள்ளேயே இருந்தது, பிற்காலத்தில் அவர் அதை நோக்கி நடந்தார் என்று நான் படித்துக்கொள்கிறேன். அவர் எங்காவது இப்படிச் சொன்னார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இது தட்டுகளை வரிசையாகக் கேட்டதில் நான் அடைந்த ஊகம்.

2009-இல் 'லா டிஃபெரான்ஸ்' வந்தது. நான் கறுப்பன், என் தோல் வெள்ளை, எனக்கு இது பிடித்திருக்கிறது என்ற பொருளில் தம் உடலைப் பற்றி நேரடியாகப் பிரெஞ்சில் பாடினார். அடுத்த ஆண்டு பிரான்ஸின் விக்துவார் இசை விருது கிடைத்தது. 2018-இல் ஃபனா ஊரில், கொல்லப்பட்ட ஐந்து வயது நிறமியற்ற சிறுமி ஒருத்தியின் நினைவாக நடத்திய நிகழ்ச்சியில், அது தம் கடைசித் தட்டு என்று அறிவித்து 'அன் ஓத்ர் பிளான்' தட்டை மக்கள் முன் வைத்தார். பின்னர் மாலியின் இராணுவ ஆட்சியில் இடைக்காலச் சட்டமன்ற உறுப்பினராகவும், 2023 முதல் ஆட்சித் தலைவரின் சிறப்பு ஆலோசகராகவும் பொறுப்பேற்றார். 'மாஞ்சு'வைக் கேட்டு எனக்குள் எழுந்த சங்கடம் இதனால் கூடியதே தவிரக் குறையவில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். பலரும் 'சோரோ' என்பார்கள். நான் பின்னிருந்து முன்னே போகச் சொல்வேன். பாடியது போதும் என்று அறிவித்தவர் 2025-இல் 'சோ கோனோ' என்ற தட்டோடு வந்தார். ஜப்பானின் கியோட்டோ நகரில் ஓட்டல் அறை ஒன்றில் தொடங்கிய பதிவு அது. சோ கோனோ என்றால் அறைக்குள் என்று பொருள். அவருடைய குரலும் அவரே வாசிக்கும் கித்தாரும்தான் முன்னால் நிற்கின்றன. மற்றவர்களின் வாசிப்பு அங்கங்கே மெல்லியதாக வந்து போகும். எழுபது வயதைத் தாண்டிய குரலில் கரகரப்பு கூடியிருக்கிறது, மேல் நிலைக்குப் போகும்போது முன்போல எளிதாக ஏறுவதில்லை, ஆனாலும் ஏறுகிறது. இரவில், ஹெட்போன் போட்டுக்கொண்டு, கித்தாரின் கீழ்க்கம்பியை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். சுற்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது இரண்டு பாட்டுக்குள் பிடிபட்டுவிடும். அடுத்து 'மோஃபூ', அதன்பின் 'சோரோ', கடைசியாக 1978-இன் 'மாஞ்சு'. அந்த வரிசையில் போனால், சோரோவின் அத்தனை கருவிகளுக்கும் அடியில் அதே சுற்று ஓடிக்கொண்டிருப்பது நான் சொல்லாமலே உங்கள் காதுக்குக் கேட்கும்.